செப்புத் தகட்டில் வந்த பிள்ளையார்: புதுச்சேரியின் அரிய நூல்களும் படங்களும்

1782-இல் பாரிஸில் அச்சான ஒரு பயண நூலின் படத்தாளைச் சன்னல் வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பிடித்தால், படத்தைச் சுற்றி நாற்புறமும் ஒரு மெல்லிய பள்ளம் ஓடுவது தெரியும். மை ஊட்டிய செப்புத் தகட்டின்மேல் ஈரத்தாளைப் பரப்பி, இரண்டு உருளைகளுக்கு நடுவே அழுத்தி எடுத்தபோது தகட்டின் விளிம்பு தாளில் பதித்துச் சென்ற தடம் அது. அந்தத் தடத்துக்குள்ளே துதிக்கையும் தொந்தியுமாகப் பிள்ளையார் இருக்கிறார். விரல் நுனியை மெதுவாக வைத்தால் கோடுகள் தாளைவிட்டு ஒரு மயிரிழை மேலெழுந்து நிற்பதை உணரலாம். தகட்டின் கீறல்களுக்குள் தங்கியிருந்த மை அப்படியே தாளில் வந்து உட்கார்ந்ததால் ஏற்பட்ட மேடு அது. கணினித் திரையில் எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தாலும் இந்தப் பள்ளமும் மேடும் கிடைப்பதில்லை.

அந்த நூலை எழுதியவர் பியேர் சொன்னரா. 1748-இல் லியோன் நகரில் பிறந்து, பிரெஞ்சு அரசின் ஆணைப்படி 1774 முதல் 1781 வரை கீழை நாடுகளில் சுற்றி, புதுச்சேரியில் நெடுநாள் தங்கிய இயற்கை ஆய்வாளர் அவர். கீழை இந்தியாவுக்கும் சீனாவுக்கும் சென்ற பயணம் என்ற பெயரில் இரண்டு பெரிய தொகுதிகளாக அவர் வெளியிட்ட அந்த நூலில் 140 செப்புத்தகட்டுப் படங்கள் உள்ளன. தெய்வங்கள், தேர்த்திருவிழா, தச்சர், குயவர், நெசவாளர், பறவைகள், செடிகொடிகள் என்று அன்றைய சோழமண்டலக் கரையின் வாழ்க்கையில் பெரும்பகுதி அந்தப் படங்களுக்குள் அடங்கியிருக்கிறது. நூலகங்களில் அரிய நூல் பகுதியைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் வயதையும் விலையையும்தான் சொல்கிறோம். இத்தகைய நூல்களின் படங்களை, அவை எந்தெந்தக் கைகளின் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தன என்ற வரலாற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதும், அந்த வரலாறு தாளிலும் மையிலும் பழுதிலும்கூட எழுதப்பட்டிருக்கிறது என்பதும் என் கருத்து. அதற்குப் புதுச்சேரியைவிடப் பொருத்தமான ஊர் தமிழ் பேசும் நிலத்தில் அதிகம் இல்லை.

சொன்னராவின் நூலில் எனக்கு மிகவும் பிடித்தது அவர் பெயர்களை எழுதியிருக்கும் விதம். பிள்ளையாரை அவர் 'பொல்லேயார்' என்று பிரெஞ்சு எழுத்தில் எழுதுகிறார். சிவன் 'சிவென்' ஆகிறார். மன்மதன் 'மன்மதின்' ஆகிறார். மாரியம்மன் 'மாரியத்தாள்' ஆகிறாள். வடமொழி நூல்களைப் படித்து எழுதிய ஒருவர் கணேசன் என்று எழுதியிருப்பார். காதால் கேட்டு எழுதிய ஒருவர்தான் பிள்ளையார் என்று எழுத முடியும். மாரியாத்தாள் என்ற சொல் ஏட்டிலிருந்து வந்ததன்று, தெருவிலிருந்து வந்தது. ஆக, பெயர் அறியப்படாத தமிழர் பலர் இந்தப் பிரெஞ்சுக்காரருக்கு அருகில் உட்கார்ந்து, இது யார், அது யார் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நூலின் முகப்பில் அவர்களுக்கு இடமில்லை என்றாலும், அவர்களுடைய உச்சரிப்பு படத்துக்குப் படம் பதிவாகியிருக்கிறது. அதே காலத்தில் புதுச்சேரியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த மாரிதாஸ் பிள்ளை தமிழ்ப் பாகவதத்தைப் பிரெஞ்சில் பெயர்த்ததையும், அது 1788-இல் பாரிஸில் அச்சேறியதையும் இங்கே சேர்த்து நினைத்துக்கொள்ளலாம். சொன்னரா எழுதிய மாரியாத்தாள் கதை ஜெர்மன் மொழிக்குப் போய், கவிஞர் கதேயின் கவிதை ஒன்றுக்குக் கருவாகவும் ஆயிற்று.

படங்களும் இப்படிப் பல கைகள் மாறி வந்தவைதான். முதலில் இங்கே ஒரு வண்ண ஓவியமோ கோட்டோவியமோ உருவாக வேண்டும். தெய்வங்களின் கைகளையும் ஆயுதங்களையும் ஊர்திகளையும் பார்க்கும்போது, உள்ளூர் ஓவியர்கள் வரைந்து கொடுத்த மாதிரிகளை அவர் முன்னால் வைத்துக்கொண்டிருந்தார் என்றே தோன்றுகிறது; முச்சியர் என்று அழைக்கப்பட்ட ஓவியர்கள் ஐரோப்பியருக்காகத் தெய்வங்களையும் தொழில் செய்வோரையும் வரிசை வரிசையாக வரைந்து விற்ற காலம் அது. அந்த ஓவியம் கப்பலேறிப் பாரிஸ் போனபின், இந்தியாவைக் கண்ணால் பார்த்திராத ஒரு செதுக்குக் கலைஞர் அதைச் செப்புத் தகட்டில் கூரிய உளியால் கீறுகிறார். முச்சியரின் ஓவியத்தில் உருவத்துக்குத் தரையில் நிழல் விழுவதில்லை. ஐரோப்பியக் கலைஞரோ நிழல் இல்லாத உருவத்தை வரையப் பழகாதவர். எனவே பாரிஸ் தகட்டில் ஏறும் உருவங்களுக்குத் தசையும் நிழலும் புதிதாக முளைக்கின்றன. கண்ணும் மூக்கும் சற்றே கிரேக்கச் சிலையின் சாயலுக்குத் திரும்புகின்றன. இடுப்பு வேட்டியின் மடிப்புகூட வேறு ஊர்த் துணிபோல விழுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. தகட்டில் எப்படிச் செதுக்குகிறோமோ அதற்கு நேர்மாறாகத்தான் தாளில் பதியும். ஆகையால் மூலத்தை வலம் இடம் மாற்றிச் செதுக்கினால்தான் அச்சில் சரியாக வரும். அவசரத்தில் அப்படியே செதுக்கிவிட்டால், வலக்கையில் இருக்க வேண்டிய சக்கரம் இடக்கைக்குப் போய்விடும். சிலைநூல் தெரிந்தவருக்குக் கை மாறினால் பொருளே மாறிவிடும். அக்கால ஐரோப்பிய நூல் எதிலும் திருமால் படத்தைக் கண்டால் முதல் வேலையாகச் சங்கு எந்தக் கையில், சக்கரம் எந்தக் கையில் என்று பார்ப்பது என் பழக்கம். பார்க்க எளிய சோதனைதான், ஆனால் அந்தப் படத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு அது ஒரு நல்ல அளவுகோல்.

நம்பிக்கையைப் பற்றிப் பேசும்போது சொன்னராவின் பெருங்குறையையும் சொல்லியாக வேண்டும். 1776-இல் அவர் வெளியிட்ட நியூகினிப் பயண நூலில் பென்குவின் பறவைகளின் படங்கள் இருக்கின்றன. நியூகினியில் பென்குவின்களே கிடையாது. சொன்னராவும் அந்தத் தீவில் கால்வைக்கவில்லை. அருமையாகச் செதுக்கப்பட்ட படம் என்பதாலேயே ஒரு பொய் நீண்ட காலம் மெய்யாக உலவியது. ஆனால் அதே மனிதர்தான் நம் மலைக்காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியை ஐரோப்பிய அறிவியலுக்கு விவரித்துக் காட்டினார். கழுத்து இறகின் நுனியில் மெழுகுத் துளி ஒட்டியதுபோல மஞ்சள் புள்ளிகள் மின்னும் அந்தச் சேவலுக்கு 1813-இல் வைத்த அறிவியல் பெயரில் இன்றும் சொன்னராவின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே ஒரு நூலை முழுவதும் ஏற்பதும் முழுவதும் தள்ளுவதும் இங்கே உதவாது. படம் படமாக நிறுத்தி விசாரிக்க வேண்டியிருக்கிறது. நெசவாளரின் படத்தில் தறி வேலை செய்யும்படி அமைந்திருக்கிறதா என்று ஒரு நெசவாளரிடம் காட்டிக் கேட்பது, பத்து ஆய்வுக் கட்டுரைகள் தராத தெளிவைத் தரும்.

பொய்யைப் பிடிக்கவும் நூலகம்தான் தேவைப்பட்டது என்பதற்குப் புதுச்சேரியிலேயே ஒரு புகழ்பெற்ற சான்று இருக்கிறது. 'எசூர்வேதம்' என்ற பெயரில் ஒரு பிரெஞ்சுக் கையெழுத்துப்படி 1760-இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் வோல்த்தேரின் கைக்குக் கிடைத்தது. அது மிகப் பழமையான இந்திய நூல் என்று நம்பிய அவர், அதைப் பிரெஞ்சு அரச நூலகத்துக்குக் கொடுத்தார். 1778-இல் அது அச்சிலும் வந்தது. இது வேதமே அன்று, கிறித்தவ மதபோதகர் ஒருவர் சமய வாதத்துக்காக எழுதியது என்று 1782-இல் எழுதியவர் நாம் மேலே கண்ட சொன்னராதான். சென்னையில் பணியாற்றிய, தமிழ் அறிந்த எல்லிஸ் துரை, பிறகு புதுச்சேரி மிஷனில் இருந்த பழைய கையெழுத்துப்படிகளுக்கு நடுவே அந்த நூலின் மூலப்படியைக் கண்டார். ரோமன் எழுத்தில் எழுதிய வடமொழியும் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் அதில் இருந்தன. மற்ற வேதங்களின் பெயரால் எழுதப்பட்ட இதே வகைப் படிகளும் உடன் இருந்தன. 1819-இல் எல்லிஸ் மறைந்தபின், 1822-இல் அவருடைய கட்டுரை கல்கத்தாவில் வெளியாயிற்று. எழுதியவர் யார் என்பதில் அறிஞர்களுக்குள் வாதம் தொடர்ந்தாலும், நூலின் தன்மை பற்றிய ஐயம் அத்தோடு தீர்ந்தது. யாரும் தொடாமல் அலமாரியில் தூங்கிய தாள்கட்டு ஒன்று ஐரோப்பாவின் பேரறிஞர் நம்பிய ஒன்றைத் திருத்தி எழுத வைத்தது. பயன்படாத பழைய தாள் என்று எதையும் எளிதில் கழித்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

1761-க்கு முந்திய புதுச்சேரியின் நூல்களும் தாள்களும் ஏன் இவ்வளவு குறைவாகக் கிடைக்கின்றன என்று பலர் கேட்பதுண்டு. அதற்கான விடையை ஒரு படமே சொல்கிறது. லெ ஜான்தி என்ற பிரெஞ்சு வானியலாளர், வெள்ளி சூரியனைக் கடந்து செல்லும் அரிய நிகழ்வை அளப்பதற்காகப் புதுச்சேரிக்குப் புறப்பட்டார். 1761-இல் அவர் வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்துவிட்டதால், ஆடிக்கொண்டிருந்த கப்பல் தளத்திலிருந்து பார்க்க நேர்ந்தது; அளவெடுக்க முடியவில்லை. எட்டு ஆண்டுகள் கிழக்கிலேயே காத்திருந்து, 1769 ஜூன் மாதத்தில் புதுச்சேரியிலேயே கருவிகளோடு தயாராக இருந்தபோது, அந்த விடியற்காலையில் மேகம் மூடிக்கொண்டது. 1779, 1781 ஆகிய ஆண்டுகளில் இரண்டு தொகுதிகளாக வந்த அவருடைய நூலில், இடிந்த கோட்டையின் மேல் எழுப்பிய அவரது வானாய்வுக் கூடமும் சுற்றிலும் கிடக்கும் இடிபாடுகளும் காட்டும் படம் ஒன்று இருக்கிறது. 1761 ஜனவரியில் ஊரைப் பிடித்த ஆங்கிலப் படை, கோட்டையையும் ஐரோப்பியர் வாழ்ந்த பகுதியையும் தரைமட்டமாக்கியதை எழுத்தில் படிப்பது ஒன்று. அந்தப் படத்தில் பிளந்து நிற்கும் சுவர்களைப் பார்ப்பது வேறொன்று. 1765-க்குப் பிறகு எழுந்த ஊர்தான் இன்று நாம் நடக்கும் ஊர். பழைய ஊரோடு எத்தனை நூல்கள், கணக்கேடுகள், படங்கள் போயின என்று எண்ணிப் பார்க்கவே மனம் கனக்கிறது.

போகாமல் தப்பியவையும் உண்டு. ஆளுநர் மாளிகையில் இருந்த அச்சுப்பொறியை ஆங்கிலேயர் சென்னைக்கு எடுத்துச் சென்றனர். அதை இயக்கத் தெரிந்த தெலோன் என்ற அச்சாளரும் உடன் போனார். வேப்பேரியில் இருந்த பாதிரியார் பப்ரிசியுஸ், அரசாங்க வேலையை முதலில் அச்சிட்டுத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு அந்தப் பொறியைப் பெற்றார். அவருடைய தமிழ் ஆங்கில அகராதி 1779-இல் வேப்பேரியில் அச்சாயிற்று. சென்னை அச்சுத் தொழிலின் தொடக்க வரலாற்றில் புதுச்சேரியின் இரும்பும் மரமும் கலந்திருக்கிறது என்பதை இரு ஊர்க்காரரும் நினைவில் வைக்கலாம்.

பிரெஞ்சு ஆட்சி 1816-இல் மீண்டும் நிலைபெற்றபின், ஆளுநர் தெபசேன் தெ ரிஷ்மோன் காலத்தில், 1827-இல், பொது நூலகம் தொடங்கப்பட்டது. தாவரவியல் பூங்காவுக்கு 1826-இல் அடியிட்டதும் அவர் காலத்தில்தான். அந்த நூலகம்தான் இன்று பாரதி பூங்காவின் பக்கத்தில் ரோமன் ரோலண்ட் நூலகம் என்ற பெயரோடு இயங்குகிறது. 1866-இல் பிறந்த பிரெஞ்சு எழுத்தாளரின் நூற்றாண்டையொட்டி அந்தப் பெயர் சூட்டப்பட்டது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக ஓர் ஊரின் நூலகம் தொடர்ந்து நடக்கிறது என்பது நம் பக்கத்தில் எளிதில் காணக் கிடைக்காத செய்தி. காலையில் செய்தித்தாள் படிக்க வரும் பெரியவரும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும் இருக்கும் அதே இடத்தில் பழைய பிரெஞ்சு நூல்களும் இருப்பது எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது.

நூலகம் தோன்றிய அதே 1827-இல் பாரிஸில் 'பிரெஞ்சு இந்தியா' என்ற படத்தொகுப்பு பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கியது. 1835 வரை நீண்ட அந்த வெளியீட்டுக்கு வடமொழி அறிஞர் புர்னூஃப் விளக்கவுரை எழுத, ஷப்ரெலி பதிப்பித்தார். பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகளில் வாழ்ந்த மக்களின் தொழில், உடை, நகை, பாத்திரம், சடங்கு ஆகியவற்றைக் காட்டும் அந்தப் படங்களுக்குச் செப்புத் தகடு பயன்படவில்லை. அவை கல்லச்சுப் படங்கள். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின்மேல் கொழுப்பு கலந்த கோலால் வரைந்து, கல்லை நீரால் நனைத்து மை உருட்டினால், கொழுப்புள்ள கோட்டில் மட்டும் மை ஒட்டும், ஈரமான இடத்தில் ஒட்டாது. 1790-களின் இறுதியில் ஜெர்மானியரான செனஃபெல்டர் கண்டறிந்த முறை இது. செப்புப் படத்துக்கு உள்ள விளிம்புத் தடம் கல்லச்சுக்கு இல்லை; கோடுகள் விரலுக்கு மேடாகத் தட்டுப்படுவதும் இல்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழே பார்த்தால், பென்சிலால் சொரசொரப்பான தாளில் தேய்த்ததுபோலப் பொடிப்பொடியான மணிகள் தெரியும். வரைந்தவரின் கை நேராகக் கல்லில் படுவதால் செதுக்குக் கலைஞர் என்ற இடைக்கை குறைகிறது. சொன்னராவின் தெய்வங்களையும் இந்தத் தொகுப்பின் மனிதர்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குள் தமிழர் முகம் ஐரோப்பிய அச்சில் எவ்வளவு மாறிவிட்டது என்பது புலப்படும். வண்ணம் மட்டும் அப்போதும் கையால்தான் தீட்டப்பட்டது. ஒரே படத்தின் இரண்டு படிகளில் சேலையின் சிவப்பு இரண்டு விதமாக இருக்குமானால் அதற்குக் காரணம் தூரிகை பிடித்த கைகள் வேறு என்பதே. அந்தச் சிவப்பை வைத்துக்கொண்டு அக்காலப் பெண்கள் என்ன நிறம் உடுத்தினார்கள் என்று முடிவு கட்டுவோர் சற்று நிதானிக்க வேண்டும்.

படமே இல்லாத நூலும் பார்க்கத்தக்க பொருளாகும் என்பதற்குப் புதுச்சேரி மிஷன் அச்சகம் சான்று. பாதிரியார் துப்புய் முயற்சியால் வளர்ந்த அந்த மாதா கோயில் அச்சுக்கூடத்தில் 1846-இல் லத்தீன், பிரெஞ்சு, தமிழ் ஆகிய மூன்று மொழி அகராதி வெளிவந்தது. மூசேயும் துப்புயும் தொகுத்த பெரிய தமிழ் பிரெஞ்சு அகராதி 1855, 1862 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வந்தது. வீரமாமுனிவரின் தேம்பாவணி முதன்முதலாக முழுவதும் அச்சேறியதும் 1851 முதல் 1853 வரை இங்கேதான். 3,615 பாடல்கள் கொண்ட அந்தக் காப்பியத்தை அச்சுக் கோத்தவர்கள் ஒவ்வோர் எழுத்தையும் தலைகீழாக, கண்ணாடிப் பிம்பமாகக் கோத்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டு பக்கத்தைப் பார்த்தால், ஒவ்வொரு பாட்டும் ஒரு சித்திரம்போல் தெரியும். அந்தப் பக்கங்களில் எகரத்துக்கு ஒற்றைக் கொம்பும் ஏகாரத்துக்கு இரட்டைக் கொம்பும் வேறுவேறாக நிற்கின்றன. அந்த வேறுபாட்டை எழுத்தில் காட்டும் வழக்கத்தை நிலைபெறச் செய்தவர் அந்தக் காப்பியத்தைப் பாடிய வீரமாமுனிவரே.

அந்தச் சீர்திருத்தத்தின் அருமை ஓலைச்சுவடியைக் கையில் எடுத்தால் விளங்கும். ஓலையில் புள்ளி வைத்தால் எழுத்தாணி முனை நாரைக் கிழித்துவிடும் என்பதால் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது, கொம்பு ஒன்றுதான், துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவில் நிற்கும். படிப்பவருக்குப் பாட்டின் ஓசை தெரிந்திருந்தால்தான் எழுத்து பிடிபடும். 1955-இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ழான் ஃபிலியோசா காலத்திலிருந்து கோயில்கள், மடங்கள், குருக்கள் வீடுகள் ஆகியவற்றிலிருந்து திரட்டிய சுவடிகள் எண்ணாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. கீழைநாட்டு ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியின் புதுச்சேரி மையத்தில் உள்ளவற்றையும் சேர்த்துச் சுமார் 11,000 சுவடிகளைக் கொண்ட இந்தச் சைவச் சுவடித் தொகுப்பை யுனெஸ்கோ 2005-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. இவற்றுள் பெரும்பகுதி கிரந்த எழுத்தில் எழுதிய வடமொழிச் சைவ ஆகமங்கள். கோயில் எப்படிக் கட்டுவது, திருமேனி எப்படி அமைப்பது, எந்தக் கையில் எந்த ஆயுதம் என்பதையெல்லாம் சொல்லும் நூல்கள் இவை. ஆக, சொன்னராவின் படத்தில் பிள்ளையாரின் கை சரியாக இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டிய இலக்கணமும் அதே ஊரில், சில தெருக்கள் தள்ளி, ஓலைக்கட்டாக இருக்கிறது.

ஒரு சுவடியை அவிழ்ப்பதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். மேலும் கீழும் மரச்சட்டம்; நடுவே துளையில் ஓடும் கயிறு; கயிற்றின் நுனியில் ஓலையை நறுக்கி முடிச்சுப் போட்ட கிளிமூக்கு. கயிற்றைத் தளர்த்தி ஏடுகளை விசிறிபோல விரித்தவுடன் எலுமிச்சம்புல் எண்ணெய் வாசம் எழும். பூச்சி அண்டாமலும் ஏடு முறியாமலும் இருக்க அதைத் தடவுகிறார்கள். எழுத்தாணி கீறிய கோடு வெறும் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. விளக்குக் கரியை இலைச்சாற்றில் குழைத்து ஏட்டின்மேல் தேய்த்துத் துடைத்தால், கீறலுக்குள் மட்டும் கருமை தங்கி எழுத்து எழுந்து வரும். பாரிஸில் செப்புத் தகட்டுக்கு மை ஊட்டித் துடைத்ததும் இதே வேலைதான். எழுத்தாணியும் உளியும், ஓலையும் செம்பும், கீறலில் கருமையைத் தங்கவைக்கும் ஒரே நுட்பத்தை இரு கண்டங்களில் தனித்தனியே கண்டுகொண்டிருக்கின்றன.

புதுச்சேரியில் இருந்த எல்லாம் புதுச்சேரியிலேயே தங்கிவிடவில்லை. காலனி நிர்வாகத்தில் பணியாற்றி 1854-இல் மறைந்த எதுவார் ஆரியேல் திரட்டிய தமிழ்ச் சுவடிகள் பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. கடல் கடந்து போனதால் அவை தப்பின என்று சொல்வோர் உண்டு. தப்பியது உண்மைதான், ஆயினும் அவற்றைப் பார்க்க ஒரு தமிழ் மாணவர் பாரிஸ் வரை போக வேண்டியிருப்பதும் உண்மை. நல்ல படிமங்களாக அவை இங்கே கிடைக்கும்படி செய்வதே இன்றைக்கு நடக்கக்கூடிய நியாயம் என்று கருதுகிறேன்.

இந்த வரிசையில் வயதில் இளையது பாரதியார் ஆசிரியராக இருந்த 'இந்தியா' வார இதழ். 1908 அக்டோபர் முதல் 1910 மார்ச் வரை புதுச்சேரியிலிருந்து வந்த அந்த இதழின் கேலிச்சித்திரங்கள் தமிழ் இதழியலில் புதிய பாதையைத் திறந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அரசியலைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் அந்தச் சித்திரங்களில் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் வயதில் இளையதான அதுவே உடலில் மிக நலிந்தது. 1782-இன் தாள் பருத்திக் கந்தலையும் நார்த்துணியையும் அரைத்துச் செய்தது. நன்றாக வைத்திருந்தால் இன்றும் மடித்து நிமிர்த்தலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து செய்தித்தாளுக்கு வந்த மரக்கூழ்த் தாளிலோ அமிலம் உள்ளேயே இருக்கிறது. அது தானாகவே பழுத்து, பழுப்பேறி, விரல் பட்டால் அப்பளம்போல் நொறுங்கும். ஆகவே எது பழையதோ அதையே முதலில் காப்பாற்ற வேண்டும் என்று நினைப்பது பிழை. நூற்றைம்பது ஆண்டுக்கு உட்பட்ட தமிழ் இதழ்களும் மலிவுப் பதிப்புகளும் தேர்த்திருவிழாவில் விற்ற குஜிலி நூல்கள் என்னும் மலிவான பாட்டுச் சிற்றேடுகளும்தான் முதலில் கவனிக்க வேண்டியவை.

கடற்கரை ஊர் என்பதால் நூலுக்குப் பகையும் இங்கே அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரம் ஏறும்போது தாளில் பழுப்புப் புள்ளிகள் பூக்கும். தோல் அட்டையில் பூஞ்சணம் படரும். பசை இருக்கும் இடத்தைத் தேடி இராமபாணப் பூச்சி நேர்கோடாகத் துளைத்துக்கொண்டு போகும். படத்தாள்களுக்கு முன்னால் மெல்லிய தாள் வைத்து மூடுவது பழைய பைண்டர்களின் வழக்கம். அந்தத் தாள் விழுந்துபோன நூல்களில் படத்தின் மை எதிர்ப்பக்கத்தில் ஒட்டி, பழுப்பு நிழலாக ஒரு மறுபடம் உருவாகியிருக்கும். மடித்து வைத்த வரைபடங்கள் எப்போதும் மடிப்பு கூடும் மூலையில்தான் கிழியும். இவற்றையெல்லாம் பசைநாடா ஒட்டிச் சரிசெய்ய முனைவது பெருங்கேடு. நாடா சில ஆண்டுகளில் உலர்ந்து உதிர, பசையின் மஞ்சள் கறை மட்டும் நிரந்தரமாக நிற்கும்.

பூச்சியைவிட மனிதரால் வரும் கேடு பெரிது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நூலகத்தில் பழைய படநூல் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பிரித்தபோது, படம் இருக்க வேண்டிய இடங்களில் தையலை ஒட்டி நீளவாக்கில் ஒரு விரற்கடைத் துண்டு மட்டும் நின்றது. பிளேடால் சீராக அறுத்து எடுத்திருந்தார்கள். ஒரு நூலை முழுதாக விற்பதைவிட அதன் படங்களைத் தனித்தனியே சட்டமிட்டு விற்றால் கூடுதல் பணம் கிடைக்கும் என்பதால் உலகெங்கும் நடக்கும் கொடுமை இது. பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். 'படங்களுடன், 2 தொகுதி' என்று மட்டும் எழுதியிருந்தது. எத்தனை படங்கள் என்று எழுதியிராததால் எத்தனை போயின என்றோ, எப்போது போயின என்றோ யாராலும் சொல்ல முடியவில்லை. அன்று அந்த மேசையிலிருந்து எழுந்து வருவதற்கு எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

படிமமாக்கும் பணி இப்போது பல இடங்களில் நடப்பதை முழுமனத்தோடு வரவேற்கிறேன். நொறுங்கும் இதழ்களுக்கு வேறு வழியே இல்லை. ஆனால் படிமம் எடுத்தாயிற்று என்பதால் மூலத்தைக் கிடங்கில் போட்டுவிடலாம் என்ற எண்ணம் வரக்கூடாது. தகட்டின் தடம், கல்லின் மணி, நீர்க்குறி, கைவண்ணம், எதிர்ப்பக்க நிழல், முன்பு வைத்திருந்தவரின் கையொப்பம் ஆகியவை மூலத்தில் மட்டுமே உள்ளன. மேலே சொன்ன விசாரணைகளில் பாதி அவற்றை வைத்துத்தான் நடக்கிறது. அதற்கெல்லாம் முதற்படியாக, பெருஞ்செலவு இல்லாத ஒரு வேலை இருக்கிறது. அரிய நூல் ஒவ்வொன்றையும் மேசையில் வைத்து, பக்கம் பக்கமாகப் புரட்டி, படங்களை எண்ணி, எண்ணையும் நாளையும் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். சொன்னராவின் நூலாக இருந்தால் எண்ணிக்கை 140-இல் முடிய வேண்டும். முடியாவிட்டால், எந்தெந்த எண்கள் இல்லை என்பதையும் அன்றே எழுதி வைக்க வேண்டும்.